ஐம்பது பேருக்கு ஒரு மேயரா?

கேள்வி: ஆஸ்திரியாவின் கிராமைஸ் ஊரில் ஏறக்குறைய ஐம்பது பேர்தானாம். அதற்கும் தனி மேயர், தனி மன்றமா? வீண்செலவு இல்லையா?

பதில்: வீண்செலவு இல்லை. திரோல் மாநிலத்தில், 1,300 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. நிலப்பிரபுக்களிடமிருந்த கிராம நிர்வாகத்தை 1849-ம் ஆண்டுச் சட்டம் ஊர்க்காரர்களிடம் கொடுத்தது. இன்றும் எந்த நிலத்தில் கட்டலாம் என்று வகுப்பது மன்றம். வீட்டுக்கு அனுமதி தருவது மேயர். மலைச்சரிவை அறிந்தவர்களிடம் அந்த அதிகாரம் இருப்பதே நியாயம். சொந்தபந்தத்துக்குச் சலுகை காட்டமாட்டார்களா? காட்டலாம், அதற்குத்தான் மாநில அரசின் மேற்பார்வை. செலவுதான் கவலையென்றால், பக்கத்து ஊர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து பணிகளைப் பகிரச் சட்டமே இடம் தருகிறது. ஸ்டீரியா மாநிலமோ 2015-ல் 542 ஊராட்சிகளை இணைத்து 287 ஆக்கியது. இணைப்பை எதிர்த்து வழக்குப் போட்டும் பல ஊர்கள் தோற்றன. என் ஓட்டு இணைப்புக்கு அல்ல, கூட்டமைப்புக்கே.