எட்டு மணி நேரப் பகல்

ஜெர்மனியில் படிக்கிறவர்களைப் பார்க்க ஊரிலிருந்து கணவனோ மனைவியோ வருவது பெரும்பாலும் டிசம்பரில்தான். அலுவலகத்தில் விடுப்பு அப்போதுதான் கிடைக்கும். பல்கலைக்கழகத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் வகுப்பு இருக்காது. பனி பார்க்கும் ஆசை வேறு. விசா கைக்கு வந்த அன்றே பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம்: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, நாள் மிஞ்சினால் சுவிட்சர்லாந்து. லைப்சிக்கில் குளிர்காலங்களைக் கழித்த அனுபவத்திலிருந்து நான் சொல்வது இந்தப் பட்டியலுக்கு நேர் எதிரானது. குளிர்காலத்தில் வருகிற துணைக்கு ஐரோப்பாவைக் காட்டப் புறப்படாதீர்கள். நீங்கள் வாழ்கிற ஊரைக் காட்டுங்கள், அதுவும் அவசரமில்லாமல்.

முதல் காரணம் வெறும் கணக்கு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லைப்சிக்கில் காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பத்து நாள் தங்க வருகிறவருக்குக் கிடைப்பது எண்பது மணி நேர வெளிச்சம், அதிலும் பாதிக்கு மேல் மேகம் மூடியிருக்கும். ரயிலில் பாரிஸ் போக ஏழெட்டு மணி நேரமாகும் என்றால் போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல் ஜன்னலோரத்திலேயே செலவாகிவிடும். நொய்ஷ்வான்ஸ்டைனுக்கும் இதே கதிதான். குளிர்காலத்தில் கோட்டை பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் காட்சி தெரிகிற மரியன் பாலத்தைப் பனி உறைந்தால் அடைத்துவிடுவார்கள். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாள்களில் கோட்டைக்குள்ளேயே போக முடியாது. ரைன் நதிப் படகுகளில் பெரும்பாலானவை அப்போது ஓடுவதில்லை. கோடைக்கு வகுத்த பயணத்தைக் குளிர்காலத்தில் செய்தால் பூட்டிய கதவுகளைத்தான் காட்டவேண்டியிருக்கும்.

இருட்டை இழப்பாக எண்ணவும் வேண்டாம். இந்த நாட்டுக் குளிர்காலத்தில் உண்மையில் பார்க்கவேண்டியது, மக்கள் இருட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். டிசம்பர் முழுவதும் லைப்சிக் அடங்கிய சாக்ஸனி மாநிலத்து வீடுகளின் ஜன்னல்களில் அரைவட்ட வளைவாக மெழுகுவத்தி விளக்குகள் நிற்கும். ஷ்விப்போகன் என்பார்கள். எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. விடியுமுன் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டிய பின் மேலே வந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் வெயில் என்பதே ஞாயிற்றுக்கிழமைச் சொத்து. இதை அறிந்துகொண்டு ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவில் மாலை ஐந்து மணிக்கு நடந்தாலே போதும், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பல இடங்களைவிட அது மனதில் நிற்கும். லைப்சிக்கின் தோமா தேவாலயத்தில் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை இசைப் பொறுப்பில் இருந்தார். அங்கே வெள்ளி மாலையும் சனி மதியமும் சிறுவர் குழு பாடும் மோட்டெட் வழிபாட்டுக்குச் சில யூரோதான் நுழைவு. அந்தக் குழு 13-ஆம் நூற்றாண்டிலிருந்து பாடிவருகிறது. பள்ளி விடுமுறை நாள்களில் பாடமாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே பார்த்துவைக்கவேண்டும். பகலில் நடக்கும் இடங்களையும் மாலையில் அமரும் இடங்களையும் தனித்தனியே வகுத்துக்கொண்டால் நாள் சுருங்கியதாகவே தோன்றாது.

தேதியைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கத்தான் வருகிறோம் என்பார்கள், டிக்கெட்டோ 23-ஆம் தேதிக்கு எடுத்திருப்பார்கள். பெரும்பாலான சந்தைகள் 23 அல்லது 24-ஆம் தேதியோடு கலைந்துவிடும். 24-ஆம் தேதி மதியம் கடைகள் மூடினால் 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. அடுத்து ஞாயிறும் சேர்ந்துகொண்டால் பால் வாங்கவும் ரயில் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் வந்து இருபதாம் தேதிக்குள் திரும்புவதே மேல். ஜெர்மனி முழுதும் உள்ளூர், வட்டார வண்டிகளில் ஏற உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட் நாள்காட்டி மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் ஒரே மாதத்துக்குள் பயணம் அடங்குவது பணத்துக்கும் நல்லது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அந்தச் சீட்டு 2026-இல் 63 யூரோ. அது மாதா மாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா; பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போய்விடும். துணையின் பெயரில் எடுத்த கையோடு ரத்தையும் பதிந்துவிடுங்கள்.

பனியைப் பற்றி முன்பே உண்மையைச் சொல்லிவிடுவது கடமை. லைப்சிக் தாழ்நிலத்தில் டிசம்பரில் பனி விழலாம், விழாமல் சாம்பல் வானமும் தூறலுமாகவே போகலாம். பனியைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் 1,215 மீட்டர் உயரமுள்ள ஃபிக்டெல்பெர்க் பக்கம் ஒரு நாள் போய்வரலாம். உடையைப் பொறுத்தவரை ஒரே தடித்த கோட்டை நம்பவேண்டாம். ஜெர்மானியர்கள் வெங்காயத்தைத்தான் உவமை சொல்வார்கள். உள்ளே அறைகளும் டிராமும் சூடாக இருக்கும், வெளியே உறையும். தோல் தோலாகக் கழற்ற முடிந்தால்தான் நிம்மதி. கோட் நண்பர்களிடம் இரவல் வாங்கலாம், காலணியை அப்படி வாங்க முடியாது. வழுக்காத, நனையாத காலணிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். இன்னொன்று, குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வந்தவர் முதல் சில நாள் மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார், மாலை ஏழுக்குச் சோர்ந்துவிடுவார். முதல் நாளே இரவுச் சந்தைக்கு இழுத்துப்போகாமல் நண்பகல் வெளிச்சத்தில் நடத்திக் கூட்டிப்போனால் உடல் சீக்கிரம் பழகும்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். விசாவுக்கு 90 யூரோ, அதற்கு 30,000 யூரோ ஈட்டுத்தொகையுள்ள மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு, மாதக்கணக்கில் காகித வேலை. இத்தனைக்கும் பிறகு 29 நாடுகளுக்குள் விடுகிற விசாவை வைத்துக்கொண்டு ஒரே ஊரில் உட்காருவதா? செலவின் கனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செலவு எதற்கு என்று கேட்டுப்பார்க்கவேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் பிரிந்திருந்த இருவர் சந்திப்பதற்கு அது. நாளுக்கொரு பெட்டி கட்டி, நாளுக்கொரு விடுதியில் இறக்கி, தாமதமான ரயிலுக்காக நடைமேடையில் நடுங்கினால் பேச நேரமே இருக்காது. இருந்தாலும் பேச்சு அடுத்த இணைப்பு ரயிலைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வெளிப்பயணம் போதும். டிரெஸ்டனுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1434-இல் தொடங்கிய ஷ்ட்ரீட்சல் சந்தை அங்கே இருக்கிறது. ஓர் இரவு தங்கலாம் என்றால் பிராக்.

அடுத்த மறுப்பு வகுப்பு. டிசம்பர் முதல் பாதியில் வகுப்பும் ஆய்வகமும் இருக்குமே, துணை தனியாக என்ன செய்வார்? அந்த வேலை நாள்கள் இந்த வருகைக்குத் தேவை என்றே நினைக்கிறேன். மென்சா என்கிற பல்கலைக்கழக உணவகத்தில் விருந்தினர் விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் நீங்கள் தினம் தட்டேந்தி நிற்கும் வரிசையில் அவரும் ஒரு மதியம் நிற்கட்டும். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டு 25 சென்ட் திரும்பப் பெறுவது, உறையும் குளிரிலும் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து அறைக்குக் காற்று விடுவது, தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும் சமையலறை, ஐசன்பான் தெருவின் அரபு, துருக்கிக் கடைகளில் கிடைக்கும் பச்சை மிளகாய் என்று உங்கள் அன்றாடமே அவருக்குப் புதிய நாடு. முதல் இரண்டு நாளில் டிராம் தடங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மூன்றாம் நாள் அவரே ஊரைச் சுற்றிவருவார். யாரையும் நம்பியிருக்காமல் நடக்க முடிகிறவருக்குச் சலிப்பு வராது. மழையும் காற்றும் மிகுந்த நாளுக்கு விலங்குக்காட்சிச் சாலையின் கோண்ட்வானாலாண்ட் இருக்கிறது. கூரை போட்ட வெப்பமண்டலக் காடு, உள்ளே நம் ஊர்ப் புழுக்கம்.

கோடையில் வந்தால் இதெல்லாம் எளிதல்லவா என்பார்கள். எளிதுதான், ஊரும் அழகாக இருக்கும். ஆனால் படிக்கிறவருக்குக் கடினமான மாதங்கள் நவம்பரிலிருந்து தேர்வு நடக்கும் பிப்ரவரி வரை. அந்த மாதங்களில்தான் தொலைபேசியில் குரல் மங்குகிறது, ‘ஒண்ணுமில்லை, சும்மா அசதி’ என்று பேச்சு முடிகிறது. நான்கு மணி இருட்டைத் தன் கண்ணால் பார்த்த துணைக்கு அந்த அசதியை விளக்கவேண்டியதில்லை. ஜூன் மாதத்துப் பூங்காவை மட்டும் பார்த்துச் சென்றவருக்கு அதை எப்படி விளக்குவது?

பத்து நாளுக்கு ஒரே ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று இன்னும் கேட்பவர்கள் அரை மணி எஸ்-பான் தொலைவில் உள்ள ஹாலேக்குப் போகட்டும். 1698-இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே தொடங்கிய கல்வி வளாகம் அங்கே இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடியில் தமிழ் கற்றார். ஹாலேயின் உதவியோடு வந்த அச்சுக்கூடத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காப்பகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, ஆனால் பழைய அனாதை இல்லத்தின் மாடியிலுள்ள அரும்பொருள் கூடத்தையும் பதினெட்டாம் நூற்றாண்டு நூலகத்தையும் பார்க்கலாம். கடைகள் மூடியிருக்கும் ஞாயிறை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; திங்கள் வேண்டாம், அன்று அருங்காட்சியகங்கள் பலவும் விடுமுறை. காலை ஒன்பதரைக்கு லைப்சிக்கில் ரயிலேறினால் கதவு திறக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். ஹாலேயில் பிறந்த இசையமைப்பாளர் ஹாண்டலின் வீட்டையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிவர நேரம் இருக்கும்.