தீவில் ஏது மலை?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் மலைச் சைக்கிள் கேட்கிறாள். மாமியார், “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்கிறார். வாங்கித் தரலாமா? – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாக. மாமியாருக்குப் பதில் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பெடல் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள்; பலருக்கு அதுதான் பிடித்தும் போனது. முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே! கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், சைக்கிள்கள் ஓயவில்லை.

மலையேறும் சைக்கிள் போட்டி 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. முதல் தடவையே பெண்களுக்கும் இடம் இருந்தது.

சரி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மலைக்கு எங்கே போவது? (உச்சிப்பிள்ளையாரை விட்டுவிடுங்கள், அது படி.) முதலில் கொள்ளிடக் கரை மண்பாதை போதும். மணலில் சக்கரம் புதையும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கிடைக்கும். கை பழகிய பிறகு துறையூர் தாண்டிப் பச்சைமலை. இறங்கும்போது சீட்டிலிருந்து எழுந்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் ஆள் முன்னால் பறப்பாள். ஹெல்மெட் இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

கடையில் அவளையே ஏறி உட்காரச் சொல்லுங்கள். ‘வளர்ற பொண்ணு’ என்று பெரிய பிரேமைத் தலையில் கட்டுவார்கள்.