குளிரில் செல்ஃப் திணறுகிறதா?

நாமக்கல்லிலிருந்து குளிர்காலத்தில் காஷ்மீர், இமாச்சல் பக்கம் லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர்களே, காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். குளிரில் அதன் சக்தி குறையும்; கெட்டிப்பட்ட ஆயிலோ இன்ஜினைச் சுற்றக் கூடுதல் சக்தி கேட்கும்.

24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட்டை ஒட்டி இருப்பது நல்லது. முழு சார்ஜ் ஏற்றியும் செல்ஃப் அடிக்கும்போது ஒன்று மட்டும் 9.6-க்குக் கீழே வெகுவாக இறங்கினால் கோளாறு அதில்தான். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பலரும் விட்டுவிடுவது எர்த் கேபிளை. செல்ஃப் அடிக்கும்போது எர்த் போகும் பேட்டரி முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம்.

வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் டீசல் உறைந்திருக்கலாம். அதற்காக டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து. செல்ஃபையும் ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.