சரக்குக்கு முன் காகிதம் பேசும்

ஒருமுறை சீனாவிலிருந்து பிளாஸ்டிக் சாமான்கள் இறக்கினேன். இன்வொய்ஸில் 420 பெட்டி, பெக்கிங் லிஸ்டில் 402. அனுப்பியவரின் தட்டச்சுப் பிழைதான். ஆனால் கொள்கலனைத் திறந்து முழுவதும் எண்ணினார்கள். ஒன்பது நாள் போனது. டெமரேஜ் கட்டியதில் இலாபமும் போனது. அதிகாரிகளின் கெடுபிடி என்று அன்று நானும் புலம்பினேன்.

விடயம் பிறகுதான் விளங்கியது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் சரக்குப் பாதுகாப்பு இறுகியது. 2005இல் உலக சுங்க அமைப்பு 'சேஃப்' எனும் சட்டகத்தை ஏற்றது. எல்லாக் கொள்கலன்களையும் திறந்து பார்க்க எந்த நாட்டாலும் முடியாது. எனவே முன்கூட்டியே கணினியில் வரும் விபரங்களை ஆராய்ந்து, சந்தேகமானதையே திறப்பார்கள். விபரம் முரண்பட்டால் சந்தேகம்தானே!

நமது சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டினது. அதன் 47ஆம் பிரிவின்படி, கொடுத்த விபரத்துக்கு ஒவ்வாத சரக்கு பறிமுதலாகவும் கூடும்.

ஆகவே வியாபார நண்பர்களே, கப்பலேறும் முன்பே இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் மூன்றின் பிரதிகளையும் எடுப்பியுங்கள். பெட்டி எண்ணிக்கையும் சாமான் விபரமும் ஒத்திருக்கின்றனவா, எச்.எஸ். குறியீடு சரிதானா என்று நீங்களே பாருங்கள். முகவரிடம் ஒப்படைத்தாலும் நட்டம் நமக்குத்தான். அரை மணி நேர வேலை, ஒன்பது நாளை மிச்சப்படுத்தும்.