புகை தெளிந்தால் பாதரசம் போய்விடுமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் இருக்கிறோம். அனல்மின் நிலையப் புகைபோக்கியில் முன்புபோல் கரும்புகை வருவதில்லை. ஈயம், ஆர்சனிக், பாதரசம் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், அத்திப்பட்டு

பதில்: பாதரசம் நீங்கலாக மற்றவற்றில் பெரும்பகுதி பிடிபடுகிறது. ஆனால் பிடித்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் உங்கள் ஊரில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நிலக்கரி எரியும், அதிலுள்ள உலோகம் எரியாது. கொதிகலன் சூட்டில் ஆவியாகும் ஆர்சனிக்கும் ஈயமும், புகை ஆறும்போது நுண்சாம்பல்மேல் ஒட்டிக்கொள்கின்றன. துகள் சிறுக்கச் சிறுக்க உலோகச் செறிவு கூடும். இ.எஸ்.பி. என்ற தூசிபிடிப்பான், உயர் மின்னழுத்தத்தால் சாம்பலைத் தகடுகளுக்கு இழுத்துக்கொள்கிறது. ஒழுங்காக ஓடினால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். அதன் கடைசி வரிசை ஹாப்பரில் விழும் மாவு போன்ற சாம்பலில்தான் ஆர்சனிக் அதிகம். தப்பிப் போகும் மிச்சமும் அதே ரகம், நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது.

பாதரசம் வேறு ஜாதி. இ.எஸ்.பி.க்குள் நுழையும் சூட்டிலும் அதில் கணிசமான பங்கு ஆவியாகவே இருக்கும். குளோரினோடு சேர்ந்த பாதரசம் நீரில் கரையும் என்பதால், கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி.யின் சுண்ணாம்புக் குழம்பில் மாட்டிக்கொள்ளும். தனிமப் பாதரசம் நழுவிவிடும். நம் நிலக்கரியில் குளோரின் குறைவு. ஆகவே நழுவுவது அதிகம். அமெரிக்காவில் புரோமின் ஏற்றிய கரித்தூளைப் புகையில் தூவி அதைப் பிடிக்கிறார்கள்.

இங்கே 2015 டிசம்பரில் பாதரசத்துக்கு வரம்பு வைத்தார்கள்: ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி.யிலிருந்து விலக்கு தந்தார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவுதானே என்பது வாதம். கந்தகத்தோடு சேர்ந்து பிடிபடும் பாதரசத்தையும் அந்தக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும் என்பேன்.

இனி சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாயில் குட்டைக்கு அனுப்பும்போது குழாய் ஒழுகிக் கொசஸ்தலையாற்றில் கலந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆர்சனிக்கும் செலினியமும் அந்த நீரில் மெல்லக் கசியும். உலர் சாம்பலாகவே எடுத்து சிமென்டுக்குக் கொடுத்தால் அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும்.

தகவல் உரிமை மனு போடுவதானால் 'மாசு அளவு' என்று பொதுவாக எழுதாதீர்கள். பொதுவாகவே பதில் வரும். ஒவ்வொரு யூனிட்டிலும் பாதரசம் கடைசியாக எந்தத் தேதியில் அளக்கப்பட்டது, சாம்பல் குட்டையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் ஆர்சனிக் எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.