மணிக்கட்டுக்கு ஒரு படம் போதாது

எக்ஸ்ரே பாடம்தானே என்று மெக்கானிக்கல், சிவில் படிக்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரியும். அதனால் அவர்களிடமே முதலில் ஒன்று கேட்கிறேன். ஒரு பொருளின் எலிவேஷனை மட்டும் வரைந்து கொடுத்தால் ஒர்க் ஷாப்பில் அதைச் செய்ய முடியுமா? பிளான் எங்கே, சைடு வியூ எங்கே என்று சார் தாளைத் திருப்பித் தந்துவிடுவார் இல்லையா? எக்ஸ்ரேயும் அதே கதைதான். கைக்கு நீளம், அகலம், கனம் மூன்றும் உண்டு. படம் தட்டை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல்தான் அது. எனவே ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறைந்தது இரண்டு படமாவது வேண்டும். எங்கள் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான். நான் இந்தக் கோர்ஸுக்கு வந்த காரணமும் இதுதான்.

என் அப்பா கொத்தனார். நான் பத்தாவது படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். பெரிய உயரம் இல்லை. விழும்போது எல்லாரும் செய்வதுபோல உள்ளங்கையை ஊன்றிவிட்டார். ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் கையைக் கவிழ்த்து வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள். "எலும்பு உடையலை, சுளுக்குதான்" என்றார்கள். மறுபடி வந்து காட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டார், போகாமல் எப்படி? எட்டு மாதம் கழித்தும் கரண்டியைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கம் சுருக்கென்று குத்தியது. வேறோர் ஆஸ்பத்திரியில் கையைத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு நடுவில் உடைந்து, ஒட்டாமலே கிடக்கிறது. "இதுல என்ன தாயி தெரியுது?" என்று அப்பா படத்தை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது கொஞ்சம் தெரியும். அதை எழுதுகிறேன்.

தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு பக்கத்துக்கு 32 எலும்புகள். காரை எலும்பு 1, தோள்பட்டை எலும்பு 1, மேல்கையில் ஹ்யூமரஸ் 1, முன்கையில் ரேடியஸும் அல்னாவும் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கூட்டிப் பார்த்துக்கொண்டால் பரீட்சையில் மறக்காது. ராண்ட்ஜன் 1895 டிசம்பர் 22-ல் எடுத்த புகழ்பெற்ற படமும் கைதான், அவர் மனைவியின் கை, மோதிரத்தோடு! அந்த அம்மா சுமார் 15 நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருந்தாராம். நமக்கு ஒரு விநாடியில் சிறு பங்கு போதும். அதற்குள்ளேயே அசைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மணிக்கட்டின் 8 எலும்புகளும் இரண்டு வரிசை. கட்டைவிரல் பக்கத்திலிருந்து எண்ணினால் மேல் வரிசையில் ஸ்கேபாய்டு, லூனேட், டிரைகுவிட்ரல், பிசிபார்ம். கீழ் வரிசையில் டிரபீசியம், டிரபீசாய்டு, கேபிடேட், ஹாமேட். இதில் ஸ்கேபாய்டு நேராக நிற்பதில்லை, உள்ளங்கைப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பேனாவை முனைப்பக்கமிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரியுமே, அதுபோலத்தான் கையைச் சாதாரணமாகக் கவிழ்த்து வைத்த படத்தில் ஸ்கேபாய்டும் தெரியும். நடுவில் கீறல் இருந்தாலும் அந்தக் குறுகலில் மறைந்துவிடும்.

அதற்கு என்ன செய்யணும்? நோயாளியை மேஜைக்குப் பக்கவாட்டில் உட்கார வைக்கணும். கால் மேஜைக்கு அடியில், கதிர் விழும் இடத்தில் இருக்கக் கூடாது. முழங்கையை மடக்கி, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே உயரத்தில் வரும்படி கையைக் கேசட்டில் கவிழ்க்கணும். முன்கையை அசைக்காமல், கையை மட்டும் சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பணும். இதற்கு அல்னார் டீவியேஷன் என்று பெயர். சாய்ந்து கிடந்த ஸ்கேபாய்டு இப்போது நீண்டு படுக்கும். அதே நிலையில் டியூபை முழங்கைப் பக்கமாக 30 டிகிரி சாய்த்து இன்னொரு படம். பிறகு 45 டிகிரி சாய்வில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் ரேடியஸும் அல்னாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அது உண்மையான லேட்டரல்.

இவ்வளவு சின்ன எலும்புக்கு ஏன் இத்தனை பாடு? ரத்த ஓட்டம்தான் காரணம். ஸ்கேபாய்டுக்குப் பெரும்பாலான ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, முன்கைப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் வாய்க்கால் உடைந்த கடைமடை மாதிரி, அந்தப் பக்கத்துத் துண்டு காய்ந்துபோகலாம். ஒட்டாமலும் போகலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். நான்கு படமும் சரியாக எடுத்தாலும் முதல் நாளில் கீறல் தெரியாமல் இருப்பது உண்டு. கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழுகிறதே, அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால், படம் சுத்தமாக இருந்தாலும் டாக்டர்கள் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள். வசதி உள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுப்பார்கள். நோயைச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் "கட்டைவிரல் பக்கம் வலி என்கிறார்" என்று டாக்டரிடம் சொல்லலாமே! பத்து நாளில் வரச் சொன்னால் கட்டாயம் வாங்க என்று நோயாளியிடமும் சொல்லலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கைக்கு உள்ளங்கை மேலே பார்க்கணும். கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே கடந்துவிடும். மணிக்கட்டு, முழங்கை இரண்டு மூட்டும் படத்தில் வரணும். முழங்கையின் பக்கவாட்டுப் படத்துக்கு 90 டிகிரி மடக்கணும். நேர்ப்படத்துக்கு நீட்ட முடியாதவரை இழுத்து நீட்டக் கூடாது, மேல்கையைப் படுக்க வைத்து ஒன்று, முன்கையைப் படுக்க வைத்து ஒன்று என இரண்டாக எடுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க: ஷாக் அடித்தவருக்குத் தோள் பின்பக்கமாக விலகியிருக்கலாம். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் சரியாக இருப்பதுபோலவே தோன்றி ஏமாற்றும்.

ஆர், எல் மார்க்கரை மறக்கக் கூடாது. முதல் மாதம் நானே ஒரு வலது கைக்கு எல் வைத்துவிட்டேன். சீனியர் அக்கா பொத்தானை அழுத்துவதற்கு முன் பார்த்துவிட்டார், தப்பித்தேன். கம்ப்யூட்டரில் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது சோம்பேறிப் பேச்சு.

அப்பாவுக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கனமான சட்டி இப்போதும் தூக்குவதில்லை, பூச்சு வேலை மட்டும் பார்க்கிறார். இந்த வருடம் செக்கப்புக்கு எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் கோடு எங்க தாயி?" என்றார்.

"மூடிருச்சுப்பா. இங்க பாருங்க."