காசில்லாத் தொலைபேசி



அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து இரண்டு நாளாய்ப் போன் வரவில்லையென்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாயார் சரியாய்ச் சாப்பிடமாட்டார். தகப்பனார் வெளியே காட்டிக்கொள்ளாமல் பத்துத் தரம் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் பேச்சு மருமகள் பக்கம் திரும்பும். விசாரித்துப் பார்த்தால் மகன் நான்கு தரம் கூப்பிட்டிருப்பான். இங்கே கைப்பேசியில் இன்டர்நெட் அணைந்து கிடந்திருக்கும். அல்லது அவன் புதிதாய்ப் போய்ச் சேர்ந்த நாட்டில் அவ்விதமான அழைப்புக்கு அனுமதி இராது. யார் பேரிலும் குற்றமில்லாத ஒரு காரியத்துக்காகக் குடும்பம் முழுவதும் மனவருத்தப்பட்டிருக்கும். ஆகையால் இன்டர்நெட் வழியாய்க் காசில்லாமல் பேசும் இந்த அழைப்பு எப்படி வருகிறது, சில வேளை ஏன் வராமற்போகிறது என்பதை எல்லாரும், முக்கியமாய் வயதானவர்கள், தெரிந்துகொள்வது அவசியம்.

இதில் சற்று வயதானவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கண்ணாடிக் கூண்டுகள் இருந்த காலத்தை அவர்கள் பார்த்தவர்கள். கட்டணம் குறையும் இரவு நேரத்துக்குக் காத்திருந்து, ஓடுகிற சிவப்பு எண்களின்மேல் ஒரு கண் வைத்து, "சௌக்கியமா, பணம் வந்து சேர்ந்தது, வைக்கிறேன்" என்று மூச்சுவிடாமல் பேசி முடித்தவர்கள். அந்த எண்கள் எதற்காக ஓடின? நீங்கள் பேசும் நேரம் முழுவதும், இங்கிருந்து அயல்நாடு வரையில் ஒரு பாதை உங்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் பேசாமல் அழுதுகொண்டிருந்தாலும் அந்தப் பாதை உங்களுடையதே, அதற்குத்தான் வாடகை.

இன்டர்நெட் அழைப்பில் அப்படித் தனிப் பாதை கிடையாது. உங்கள் குரலைக் கைப்பேசி எண்களாக மாற்றி, சாதாரணமாய் ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டுகளாய் நறுக்கி, ஒவ்வொரு துண்டின்மேலும் சேரவேண்டிய விலாசத்தையும் வரிசை எண்ணையும் எழுதி அனுப்பிவிடுகிறது. தபால் பையில் பலர் கடிதங்கள் சேர்ந்து போவதுபோல், உங்கள் துண்டுகள் பிறருடைய படங்களோடும் பாட்டுகளோடும் ஒரே வழியில் போகின்றன. அங்கே மகனுடைய கைப்பேசி அவற்றை வரிசைப்படுத்தி மறுபடி குரலாக்குகிறது. நேரங்கழித்து வரும் துண்டுக்காகக் காத்திருக்க முடியாது; அதைத் தள்ளிவிடுகிறது. "ஹலோ, ஹலோ, குரல் விட்டுவிட்டு வருகிறதே" என்று நாம் கத்துகிறோமே, அப்போது நடப்பது இதுதான். உரக்கக் கத்துவதால் ஒரு துண்டும் சீக்கிரம் போய்ச் சேராது. ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றால் பிரயோசனமுண்டு.

இவ்வாறு பேசலாமென்று 1974-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் பரீட்சித்துப் பார்த்தார்கள். நம் தேசத்தில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது; ஆனால் அதன் வழியாய்ப் பேசுவதற்கு 2002 ஏப்ரல் 1 வரையில் அனுமதி இல்லை. 2003-ல் ஸ்கைப் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் குடும்பமே கூடி உட்கார்ந்து பேரக்குழந்தையின் முகம் பார்த்தது அந்தக் காலத்தில்தான். அந்த ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. இன்னமும் அதன் அடையாளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் 2015-ல் குரல் அழைப்பும், 2016 நவம்பரில் முகம் பார்த்துப் பேசும் அழைப்பும் வந்தன. அதே 2016-ல், செப்டம்பர் 5 அன்று ஜியோ ஆரம்பமாகி, சில மாதங்கள் இன்டர்நெட்டை இலவசமாய்க் கொடுத்தது. மற்றக் கம்பெனிகளும் விலையைக் குறைக்கவேண்டியதாயிற்று. கூண்டுகள் ரோட்டோரத்திலிருந்து மறைந்துபோனதற்குச் சொல்லவேண்டிய கதை இவ்வளவே.

கடல் கடந்து போகும் வழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. வானத்தில் சாட்டிலைட் வழியாய்ப் போகிறதென்றே அநேகர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல; பெரும்பாலும் கடலுக்கடியில் கிடக்கும் கம்பி வழியாகவே போகிறது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாய்ச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி 1871-லேயே வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. 2002-ல் பாரதி, சிங்டெல் என்னும் கம்பெனிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே, முடிபோல் மெல்லிய கண்ணாடி இழைகள் அடங்கிய கடற்கம்பி ஒன்றைப் போட்டன. அதன் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட கம்பிகளின் வழியாய் ஒளியாகவே போகிறது நம் பேச்சு.

நிற்க. "இலவசம் என்கிறீர்களே, மாதந்தோறும் ரீசார்ஜ் செய்கிறோமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, இன்டர்நெட்டுக்குக் கொடுக்கிறீர்கள். குரல் மட்டும் பேசினால் ஒரு நிமிஷத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட் செலவாகும். அதாவது ஒரு ஜிபி இருந்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். முகம் பார்த்துப் பேசினால் அதைப்போல் பல மடங்கு ஆகும். சாயங்காலத்துக்குள் இன்றைய டேட்டா தீர்ந்துபோயிற்று என்று சொல்லும் வீடுகளில், தீர்த்தது பெரும்பாலும் அப்பாவின் போன் பேச்சு அல்ல, பிள்ளைகள் பார்த்த சினிமாக் காட்சிகளே.

இனி, அழைப்பு வந்துசேருவதற்கு என்ன வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சாதாரண அழைப்புக்கு டவர் கிடைத்தால் போதும். இந்த அழைப்புக்கோ, உங்கள் கைப்பேசியில் அந்த நிமிஷத்தில் இன்டர்நெட் திறந்திருக்க வேண்டும். சிக்கனமாய் இருப்பதாக எண்ணி, உபயோகிக்காத வேளையில் டேட்டாவை அணைத்துவைக்கும் பழக்கம் நம் தாய்மாரிடம் உண்டு. நல்ல எண்ணந்தான், ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்டு விருந்தாளி வரவில்லையே என்று காத்திருப்பதற்குச் சமம். மகன் பக்கத்தில் மணி அடிப்பதுபோலத் தோன்றலாம். உங்கள் பக்கத்தில் சத்தமே இராது. மறுபடி டேட்டாவைத் திறந்ததும் "தவறிய அழைப்பு" என்று காட்டும். அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டால் பழி அவன் தலையில் விழும்.

வீட்டில் வைஃபை பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். கரண்ட் போனால் அந்தப் பெட்டி அணைந்துவிடும். அப்போது கைப்பேசியின் சொந்த டேட்டா திறந்திருந்தால்தான் அழைப்பு வரும். இன்னொன்று, பாட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அது இயங்கும்போது பல கைப்பேசிகள், திரையில் இல்லாத செயலிகளைத் தூங்கவைத்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பும் தூங்கினால் அழைப்பு ஒலிக்காது. கைப்பேசியின் அமைப்புகளில் வாட்ஸ்அப்புக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடும்படி வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. 2023 முதல், அறிமுகமில்லாத எண்களிலிருந்து வரும் அழைப்பை ஒலிக்காமல் நிறுத்தும் ஏற்பாடும் வாட்ஸ்அப்பில் உண்டு. முதியோருக்கு நல்ல பாதுகாப்புத்தான். எனினும் மகன் அயல்நாட்டில் புது சிம் வாங்கி, வாட்ஸ்அப்பையும் அந்த எண்ணுக்கு மாற்றினால், அவன் எண்ணும் அறிமுகமில்லாததாகிவிடும். அதை உடனே பெயரோடு பதிந்துகொள்ளுங்கள்.

அழைப்பு வராததற்குத் தேசமே காரணமாயிருப்பதும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் இந்தத் தொல்லை இல்லை. துபாய், அபுதாபி, சார்ஜா முதலியவை அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்திலோ, வாட்ஸ்அப் வழியாய் எழுத்துச் செய்தியும் படமும் போகும்; பேசிப் பதிந்து அனுப்பும் குரல் செய்தியும் போகும்; நேரடியாய்ப் பேசும் அழைப்பு மட்டும் பல வருஷமாய்த் தடுக்கப்பட்டு வருகிறது. அரசாங்க அனுமதி பெற்ற சில செயலிகள் வழியாகவே அங்கிருந்து பேச இயலும்; போட்டிம் என்பது அவற்றுள் ஒன்று. இதில் மறக்கக்கூடாத விஷயம் யாதெனில், அவன் எந்தச் செயலியில் பேசுகிறானோ அதே செயலி உங்கள் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில், தன் நிபந்தனைகளுக்கு உட்பட்ட செயலிகளுக்குத் தடையை நீக்கியது; எல்லாவற்றுக்கும் ஒரேயடியாய்த் திறந்துவிடவில்லை. ஆகையால் புறப்படுமுன்னே, அந்த ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களை விசாரித்து, எந்தச் செயலி செல்லுமென்று தெரிந்துகொண்டு போவது உத்தமம்.

"என் சிநேகிதன் மகன் வி.பி.என். போட்டு வாட்ஸ்அப்பிலேயே பேசுகிறானாம், நீ ஏன் பேசுவதில்லை?" என்று தயவுசெய்து மகனை வற்புறுத்தாதீர்கள். இருக்குமிடத்தின் அடையாளத்தை இவ்விதமாய் மறைத்துக் குற்றம் செய்வோருக்கு அமீரகத்தின் 2021-ம் வருஷத்துச் சட்டம் சிறைத்தண்டனையோ, குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதமோ, இவ்விரண்டுமோ விதிக்கிறது. அபராதம் 20 லட்சம் திர்ஹாம் வரையில் போகலாம். தடுக்கப்பட்ட சேவையை இவ்வழியில் திறப்பது எங்கே கொண்டுபோய் விடுமென்று கூலிக்குப் போனவன் பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓய்வான வேளையில் இரண்டு நிமிஷம் பேசிப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அதை நீங்கள் பத்துத் தரம் போட்டுக் கேட்கலாம். நேரடிப் பேச்சில் அந்த வசதி கிடையாது.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதியும் குவைத்தும் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நாம் காலை ஆறு மணிக்குச் சுறுசுறுப்பாய் எழுந்து கூப்பிட்டால் குவைத்தில் மணி மூன்றரை. இராத்திரி வேலை முடித்துப் படுத்தவன் எரிந்து விழுந்தால் அதிசயமென்ன?

இந்த அழைப்பினால் ஆகாத காரியமும் உண்டு. வாட்ஸ்அப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குத்தான் பேசலாம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகியவற்றைச் சாதாரண அழைப்பில்தான் கூப்பிட வேண்டும். அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச டேட்டா இருக்கிறதே என்று, சாதாரண அழைப்புக்குரிய ரீசார்ஜைக் காலாவதியாக விட்டுவிடும் முதியோர் இதைக் கவனிக்கவேண்டும். வீட்டு வைஃபையில் மகளோடு மணிக்கணக்காய்ப் பேச முடிகிற அதே கைப்பேசியில், பக்கத்துத் தெரு டாக்டரைக் கூப்பிட முடியாமற்போகலாம்.

கடைசியாக மோசக்காரரைப்பற்றி. வாட்ஸ்அப் அழைப்பை நடுவிலிருந்து யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி 2016 முதல் பூட்டிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூட்டு, மறுமுனையில் பேசுகிறவன் யாரென்பதற்கு உத்தரவாதம் அல்ல. போலீஸ் உடுப்போடு முகங்காட்டி, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், போனை வைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது" என்று மணிக்கணக்காய் மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. அப்படிப்பட்ட கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாதென்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொல்லவேண்டியதாயிற்று. எந்த அதிகாரியும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை. போனை வைத்துவிடுங்கள்; மரியாதைக் குறைவென்று யாரும் நினைக்கப்போவதில்லை. பணம் போய்விட்டதானால் தாமதியாமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை வழியிலேயே நிறுத்த ஏதுவுண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைப்பதே பெரிய நஷ்டம்.

ஆறு இலக்க எண் ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வந்து, அதைச் சொல்லும்படி யாராவது கேட்டாலும், அவர் உங்களுக்குத் தெரிந்தவரேயானாலும், சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடலாம். பிறகு உங்கள் பெயரிலேயே உறவினரிடம் கடன் கேட்பார்கள். இப்போது ஒருவருடைய குரலையே மிஷினால் செய்து பேசவும் முடிகிறது. "அம்மா, ஆபத்தில் இருக்கிறேன், உடனே பணம் போடு" என்று மகன் குரலிலேயே கேட்டாலும், அந்த அழைப்பை முடித்துவிட்டு, அவனுடைய பழைய எண்ணில் நீங்களே கூப்பிட்டு விசாரித்த பின்பு போடலாம்.

மகன் லீவில் வரும்போது ஒரு சாயங்காலம் அவனை உட்காரவைத்து, இரண்டாவது செயலி ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். டேட்டாவைத் திறப்பது எங்கே என்று உங்கள் விரலாலேயே தொட்டுப் பழகுங்கள். அங்கே அவனோடு தங்கியிருப்பவர் ஒருவருடைய எண்ணையும், அவன் கம்பெனியின் எண்ணையும், நாட்டுக் குறியீட்டோடு காகிதத்தில் பெரிதாய் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் அந்தக் காகிதம் இருக்கும்.